பிடிக்கொழுந்து

நோர்வூட், மேல்பிரிவு
11.08.2024

அன்புத் தங்கச்சி ஜெயந்தினிக்கு,

அம்மாவின் இருமலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னார் அம்மா. சாப்பிடாவிட்டாலும் சாப்பிடுகிறேன் என்றே எழுது, எனக்குத் தொல்லை குறையும்.

கடித உறையைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆனதோ என்று பயந்திருப்பாய். ஒன்றும் இல்லை. போனில் பேசுவதென்றால் சிக்னலுக்காகக் கோயில் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். அங்கே நின்று பேசினால் மாரியம்மனோடு சேர்ந்து தோட்டமே கேட்கும். உன் அண்ணியின் போனில் எழுதி அனுப்பலாம் என்றால், பிள்ளைகள் அதை எடுத்து உரக்க வாசித்துக் காட்டுவார்கள். அதனால்தான் இஸ்ஸதீன் நானா கடையில் முத்திரை வாங்கினேன். "இந்தக் காலத்துல யாருக்குய்யா லெட்டர், புதுசா ஏதும் சம்பந்தமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

விஷயம் இதுதான். நம் கம்பனியில் சின்னதொரை வேலைக்கு இம்முறை உள்ளே இருக்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் ஆபீஸ் பாஷையில் உதவி முகாமையாளர். நானும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். இத்தனை வருடமாகக் கண்டாக்கராக இருக்கிறேன். காலையில் பெரட்டில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்து விடுவது, மலையில் அவர்களுக்குப் பின்னால் நடப்பது, அந்திக்குத் தேயிலைக் கொழுந்தின் நிறையை எழுதுவது. இதைவிட வேறு எதுவும் செய்து பார்க்கவில்லை. பெரியதொரை என் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நீயுமா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு எந்தப் பாஷையில் என்று தெரியவில்லை, ஆனால் நன்றாகப் புரிந்தது.

நீ கொழும்பில் நம் கம்பனியின் தலைமை அலுவலகத்தில், ஆட்களை எப்படி முன்னுக்குக் கொண்டுவருவது என்று படித்துப் பார்க்கிற பிரிவில் இருக்கிறாய். பாவாடை நாடா கட்டத் தெரியாமல் என் முன்னால் வந்து நின்றவளிடம் போய் இதைக் கேட்பது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். ஒரு பெரிய கம்பனிக்குள் என்னைப் போல ஒருவன் மேலே வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

பதில் எழுது. போன் வேண்டாம்.

அண்ணன்
அழகுமுத்து


வெள்ளவத்தை
25.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் முத்தம். அம்மாவுக்கு இரவில் இருமல் கூடினால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், கொத்தமல்லித் தண்ணீரை நம்பி இருக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்து வாசித்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். நீங்கள் என்னிடம் ஆலோசனை கேட்டது பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

முதலில் ஒன்று. நன்றாக வேலை செய்தால் யாராவது பார்த்துக் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். பெரிய கம்பனியில் யாரும் பார்க்க மாட்டார்கள் அண்ணா. நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், அந்த நாற்காலி உங்களுக்கு எதற்கு என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். சம்பளம், பங்களா என்று சொல்கிறவர்கள் ஏராளம். நேர்முகத்தில் அவர்களை வரிசையாக அனுப்பிவிடுகிறார்கள். அங்கே உட்கார்ந்து எதைச் செய்யப் போகிறேன் என்று சொல்கிறவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் நான் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்வேன். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாத எது உங்களுக்குத் தெரியுமோ, அதுதான் உங்கள் பலம். அதை எடுத்து மேசைமேல் வையுங்கள். தலைமை அலுவலகத்தில் எல்லோருக்கும் ஏலவிலை தெரியும், உரவிலை தெரியும். மலையில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எதற்காக அந்த வேலை வேண்டும், உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன, இரண்டையும் யோசித்து எழுதுங்கள். பரீட்சை வைக்கிறாள் என்று திட்டாதீர்கள்.

அன்புடன் தங்கை
ஜெயந்தினி


நோர்வூட், மேல்பிரிவு
15.09.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை. மழை விடாமல் பெய்வதால் அம்மாவின் லயத்து வீட்டுச் சுவரெல்லாம் ஊறிக் கிடக்கிறது. எங்கள் குவாட்டசு வீட்டுக்கு வந்து எங்களோடு இருங்கள் என்றால், பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது நாலு பேரோடு பேசாமல் எனக்குப் பொழுது விடியாது என்கிறார். நீ ஒரு தடவை சொல்லிப் பார்.

டீச்சரம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதற்காக அந்த வேலை என்று யோசித்ததும் முதலில் மனதில் வந்தது சின்னதொரை பங்களாவின் சுடுதண்ணிக் குழாய்தான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பிறகு அந்திக்குப் பேர் போடுகிற நேரம் நினைவுக்கு வந்தது. சொன்ன கிலோ வராதவளுக்கு, பொழுதெல்லாம் மலையில் நின்றாலும், அரைப்பேர் என்று நான் எழுத வேண்டும். அரைநாள் சம்பளம். மழையா, காய்ச்சலா, மலையில் கொழுந்தே இல்லையா என்று பார்த்து அதை முழுப்பேராக மாற்றுகிற கையெழுத்து சின்னதொரையுடையது. அந்தக் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும். இதுதான் என் ஆசை. இப்படிச் சொன்னால் போதுமா?

எனக்கு மட்டும் தெரிந்தது என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது. உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, கொழுந்து மடுவத்துக்குப் போகிற வழியில் ஒரு பெரிய கருங்கல் உண்டு. அந்திக்கு நிறுக்கப் போகும்போது எல்லோரும் அதன் மறைவில் கூடையை இறக்குவார்கள். காளியாயிக்கு இப்போது மணிக்கட்டு வீங்கி, முன்போல் கொழுந்து எடுக்க முடிவதில்லை. ஒவ்வொருத்தியும் தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவாள். அவள் கேட்பதும் இல்லை, இவர்கள் போட்டேன் என்பதும் இல்லை. உன்னோடு படித்த ஜீவராணி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள். அவளுக்கும் போடுகிறார்கள். பிடிக்கொழுந்து என்பார்கள். நீ அம்மா வயிற்றில் இருந்தபோது அம்மாவின் கூடையும் இப்படித்தான் நிறைந்ததாம்.

அந்த நேரத்தில் நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்மலையைப் பார்த்தபடி நிற்பேன். ஒருநாள் காளியாயி, "கண்டாக்கையா, அந்த மலையில அப்படி என்னதான் இருக்குங்க? நாங்களும் பாக்குறோம், ஒன்னயும் காணோம்" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு போத்தலைத் திறந்து முதல் தேத்தண்ணியை எனக்குத்தான் ஊற்றினார்கள். தினமும் அப்படித்தான்.

இதைப் பேசக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் பேசியதும் இல்லை. இதைப் போய் நேர்முகத்தில் சொல்ல முடியுமா? ஆகவே அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்று மார்க் போட்டுக்கொள்.

மழையில் நனையாதே.

அழகுமுத்து


வெள்ளவத்தை
06.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே வெயில்தான், நனைய வழியில்லை. லயத்துச் சுவரின் ஓதத்தில் அம்மா படுக்க வேண்டாம், கட்டிலைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அழுதேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள். அம்மா வயிற்றில் நான் இருந்த கதையை யாரும் எனக்குச் சொன்னதில்லையே. கையெழுத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே நேர்முகத்தில் சொல்லுங்கள். ஒரு வார்த்தையையும் மாற்ற வேண்டாம்.

உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆபீசில் ஊர் எது என்று கேட்டால் ஹட்டன் டவுன் என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். லயம் என்று சொன்னதில்லை. மீட்டிங்குகளில் வாயே திறந்ததில்லை. மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிற நான் மட்டும் மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் டிரெக்டர்கள் வருகிற பெரிய மீட்டிங் ஒன்று இருக்கிறது. நம் தொழிலாளர்களின் பலம் என்ன என்று ஒவ்வொருவரும் பேச வேண்டும். உங்களுக்குச் சொன்னதை நானும் ஒரு தடவை செய்து பார்க்கப் போகிறேன்.

எனக்காகக் கோயிலில் ஒரு சூடம் ஏற்றுங்கள்.

ஜெயந்தினி


வெள்ளவத்தை
27.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்கும் அண்ணிக்கும் சேலை, பிள்ளைகளுக்கு உடுப்பு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியா என்று எழுதுங்கள்.

மீட்டிங் நன்றாக நடந்தது. நான் லயத்துப் பிள்ளை என்று எழுந்து நின்று சொன்னேன் அண்ணா! சொல்லி முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு டிரெக்டர் தேநீர் நேரத்தில் என்னைத் தேடி வந்து நிறையக் கேள்விகள் கேட்டார். இவ்வளவு நாள் ஏன் பேசாமல் இருந்தாய் என்றார். அன்றைக்குப் போர்டிங்குக்கு நடந்தே வந்தேன், பஸ்ஸில் ஏற மனமில்லை.

என்ன பேசினேன் என்று நேரில் வரும்போது சொல்கிறேன்.

எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு உடனே வெளியில் போகாதீர்கள், தடிமன் பிடிக்கும்.

ஜெயந்தினி


நோர்வூட், மேல்பிரிவு
24.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சேலையை உடுத்திக்கொண்டு அம்மா பீலிக்கரைக்கே போய்விட்டார், யாருக்கும் காட்டாமல் விடவில்லை. "எம் மக கொழும்புல பெரிய கம்பனில எந்திரிச்சு நின்னு பேசிருக்காளாம்" என்று எல்லோரிடமும் சொல்கிறார். உன்னை நினைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். சின்னவனுக்கு உடுப்பு கொஞ்சம் பெரிது. போட்டுக்கொண்டே வளரட்டும்.

இங்கே ஒரு தலைவலி. பெரட்டில் பெரியதொரை ஒரு சுற்றறிக்கை வாசித்தார். இனி மடுவத்தில் நிறுப்பது இல்லை. மின்தராசை மலைக்கே தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொருத்தியும் தன் தேயிலை நிரையை விட்டு வெளியே வரும் முன்பே அங்கேயே நிறுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையை வைத்தால் நிறை நேராக ஆபீஸ் கொம்பியூட்டருக்குப் போய்விடும். கூடை விட்டுக் கூடை கொழுந்து மாறுவதைத் தடுப்பதற்காம். முதலில் நம் பிரிவில் மட்டும் செய்து பார்த்துவிட்டு, பிறகு எல்லாத் தோட்டங்களுக்கும் கொண்டுபோவார்களாம். இத்தனை தோட்டம் இருக்கும்போது ஏன் நம் பிரிவு?

கல்லருகே வரும்போது எல்லாக் கூடையும் நிறுத்து முடிந்துவிடுகிறது. காளியாயிக்கு இந்த வாரம் ஒரு நாள்கூட முழுப்பேர் விழவில்லை. எழுதுகிறவன் நான்தான்.

யாரோ மேலே போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆபீசில் கொம்பியூட்டர் வேலைக்கு கிஷாந்த் என்று ஒரு பொடியன் புதிதாக வந்திருக்கிறான். பயிற்சி என்று அடிக்கடி கொழும்புக்குப் போய் வருகிறான். எனக்கு அவன்மேல்தான் சந்தேகம். உன் காதுக்கு ஏதாவது வந்ததா?

குளிருக்கு அம்மாவின் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. மற்றபடி சுகம்.

அழகுமுத்து


நோர்வூட், மேல்பிரிவு
29.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

பதிலைக் காணவில்லை. கடிதம் வந்ததோ இல்லையோ, உனக்கு உடம்புக்கு ஏதுமோ என்று அம்மா ஒரே புலம்பல். போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாயாம். வேலை அதிகமா?

இங்கே ஒன்றும் நன்றாக இல்லை. ஜீவராணி முழுப்பேர் விழ வேண்டுமென்று மழையிலும் இறங்காமல் சரிவான நிரையில் நின்று எடுத்திருக்கிறாள். மயங்கி விழுந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். தாயும் வயிற்றுப் பிள்ளையும் தப்பிவிட்டார்கள், நிறைமாதம் வரை எழும்பக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். கல்லருகே என்ன நடக்கிறது என்று அவர்களைத் தவிர அறிந்த ஒரே ஆள் நான். சின்னதொரை வேலைக்கு விண்ணப்பம் போட்டவனும் நான். மனிதர் கூட்டிக் கழித்துப் பார்க்க மாட்டார்களா? இப்போதெல்லாம் எனக்குத் தேத்தண்ணி ஊற்றுவதில்லை. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. போத்தலைத் திறக்கிறார்கள், தங்களுக்குள் ஊற்றிக்கொள்கிறார்கள், மூடி வைக்கிறார்கள்.

ஆத்திரம் தாங்காமல் பெரட்டில் வைத்து, எல்லோர் முன்னாலும் கிஷாந்தைக் கண்டபடி ஏசிவிட்டேன். "நான் சொல்லலண்ணே, அம்மாமேல சத்தியமா எனக்குத் தெரியவே தெரியாது" என்று அழுதான். நடிக்கிறான் என்று இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சொன்னேன்.

நீ ஏதாவது எழுது.

அழகுமுத்து


வெள்ளவத்தை
12.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னியுங்கள். வேலை அதிகம். என்னைப் புதிய திட்டமொன்றின் குழுவில் போட்டிருக்கிறார்கள், பதவியும் ஒரு படி உயர்ந்திருக்கிறது. அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

ஜீவராணிக்கு எப்படி இருக்கிறது? சத்துமா வாங்கி அனுப்புகிறேன். நான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம்.

கிஷாந்தை ஏசாதீர்கள் அண்ணா. அவன் சின்னப் பிள்ளை. யார் சொன்னாலும் கெடுதல் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்லது என்று நினைத்துக்கூடச் சொல்லியிருக்கலாம்.

நேர்முகத்துக்கு வெள்ளைச் சட்டை போடுங்கள். அம்மாவின் முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜெயந்தினி


நோர்வூட், மேல்பிரிவு
09.02.2025

அன்பான ஜெயந்தினிக்கு அண்ணி எழுதுவது.

நீ சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதை எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. இஸ்ஸதீன் நானாவின் பெண்சாதி செரீபாதான் முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறார்.

போன கிழமை நுவரெலியாவில் கண்டாக்கர்மார் எல்லோருக்கும் அந்தத் தராசைப் பற்றி வகுப்பு நடந்தது. உன் அண்ணனும் போனார். போகும்போது நன்றாகத்தான் போனார். வந்தவர் சோறு வேண்டாம் என்றுவிட்டார். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரியவர் இந்த யோசனை எப்படிப் பிறந்தது என்று கதை சொன்னாராம். என்ன கதை என்று கேட்டதற்குப் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பெரட்டில் கிஷாந்தைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். காளியாயி, "அப்ப யாருங்க கண்டாக்கையா சொன்னது?" என்று கேட்டிருக்கிறாள். "நான்தான் சொன்னேன். வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றிருக்கிறார்.

நான் நம்பவில்லை ஜெயந்தினி. உன் அண்ணன் அப்படிப்பட்டவரா? வீட்டில் கேட்டால், "நான்தான் சொன்னேன்னு சொல்லிட்டேன்ல, விடு" என்கிறார். இப்போது கடையில்கூட என்னோடு யாரும் நின்று பேசுவதில்லை. உங்கள் அம்மா பீலிக்கரைக்குப் போவதையே விட்டுவிட்டார், நான்தான் தண்ணீர் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மகளைப் பற்றிப் பெருமை பேசிய இடத்தில், மகனைப் பற்றிப் பேசுவதைக் கேட்க முடியவில்லையாம்.

நீ தலைமை அலுவலகத்திலேயே இருக்கிறாய். உண்மையில் யார் போட்டுக்கொடுத்தது என்று விசாரித்து எனக்கு எழுது. அவன் யாராக இருந்தாலும் நன்றாக இருக்க மாட்டான்.

பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள்.

நாகலெட்சுமி


வெள்ளவத்தை
16.02.2025

அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. அண்ணியின் கடிதம் வந்தது. நீங்கள் நுவரெலியாவில் எதைக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சொன்னது நான்தான்.

அந்த மீட்டிங்கில் பிடிக்கொழுந்தைப் பற்றித்தான் பேசினேன். அண்ணன் என்று சொல்லவில்லை, எங்கள் பிரிவில் ஒரு கண்டாக்கர் என்று சொன்னேன். நீங்கள் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைச் சொன்னபோது ஒருவர் கண்ணைத் துடைத்தார். பார்த்தீர்களா, எங்கள் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று காட்டத்தான் பேசினேன். என்னையும் காட்டத்தான் பேசினேன், அதை மறைக்க மாட்டேன். தேநீர் நேரத்தில் டிரெக்டர் வந்து, ஒரு நாளைக்கு இப்படி எத்தனை கிலோ கை மாறும் என்று கேட்டார். ஒரு பெரிய மனிதர் என்னிடம் கேட்கிறாரே என்ற பூரிப்பில், நானே மனக்கணக்குப் போட்டுச் சொன்னேன் அண்ணா. அவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைக்கும் போதெல்லாம் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

உங்கள் நவம்பர்க் கடிதத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பினேன். கிஷாந்தை நீங்கள் ஏசியதை வாசித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதவி உயர்த்தினார்கள், வாங்கிக்கொண்டேன். நான் போடப்பட்டிருக்கும் புதிய குழு இந்தத் தராசுக் குழுதான்.

அண்ணியின் கடிதம் வந்த மறுநாள் டிரெக்டரிடம் போய், இதை நிறுத்துங்கள், நான் சொன்ன அர்த்தம் வேறு என்றேன். "இது உன் யோசனை, இதற்கு நீ பெருமைப்பட வேண்டும்" என்றார். குழுவிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அது எதையும் மாற்றாது என்பதும் தெரியும்.

வேறு யாருக்கும் தெரியாததை மேசைமேல் வையுங்கள் என்று உங்களுக்குப் புத்தி சொன்னேன். அது யாருடையது என்று முதலில் கேள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா வயிற்றில் அந்தக் கொழுந்தில் வளர்ந்தவள் நான்.

திருவிழாவுக்கு வருகிறேன். கோயிலில் எல்லோர் முன்னாலும் நின்று, அண்ணன் இல்லை, நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். அதுவரை அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயந்தினி


நோர்வூட், மேல்பிரிவு
30.03.2025

அன்புத் தங்கச்சி ஜெயந்தினிக்கு,

எல்லோரும் சுகம். ஜீவராணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, கொஞ்சம் மெலிவுதான், ஆனால் அழுகைச் சத்தம் கடைசி லயம் வரை கேட்கிறது. அம்மா நேற்றிலிருந்து மறுபடி பீலிக்கரைக்குப் போகிறார். குழந்தையின் துணியைத் துவைக்க ஆள் வேண்டுமென்று காளியாயி வந்து கூப்பிட்டாளாம்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். நுவரெலியாவில் அந்த மனிதர் எதிர்மலையைப் பார்க்கிற கண்டாக்கரைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அது நான்தான் என்று தெரிந்துவிடுமே. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

நீ கோயிலில் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு பாவமும் அறியாத பொடியனை எல்லோர் முன்னாலும் ஏசியவன் நான். எல்லோர் முன்னாலும்தான் அந்தப் பழியைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுத்தால் அப்போ யார் என்று கேட்பார்கள். உன் பேரைச் சொன்னால் அம்மா எந்த முகத்தோடு பீலிக்கரையில் நிற்பார்? இனி இந்த லயத்திலிருந்து ஒரு பெண் படித்துக் கொழும்புக்குப் போனால் அவளை யார் நம்புவார்கள்? அதோடு நான் சொன்னது பொய்யும் இல்லை. உனக்கு எழுதியவன் நான்தானே.

நேர்முகத்துக்கு வெள்ளைச் சட்டையோடு போனேன். கையெழுத்தைப் பற்றி நீ சொன்ன மாதிரியே சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். பிறகு நடுவில் இருந்தவர், உங்கள் ஆட்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஏதாவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நீ கற்றுக்கொடுத்த கேள்விதான் அது. "ஒன்றும் தெரியாது, சேர்" என்றேன். வேலை வேறொருவருக்குக் கிடைத்துவிட்டது. வருத்தம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எனக்கு இன்னும் தேத்தண்ணி வரவில்லை. உன் அண்ணி போத்தலில் கொடுத்து விடுகிறாள்.

தராசும் அட்டையும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் போன செவ்வாய்க்கிழமை காளியாயிக்கு முழுப்பேர் விழுந்தது. புதனும் விழுந்தது. தராசில் பிழை இல்லை, நானே பார்த்தேன். அவர்கள் வேறு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அது என்ன வழி என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் பழையபடி திரும்பி நின்று எதிர்மலையைப் பார்த்தேன்.

அதை உனக்கு எழுத மாட்டேன்.

திருவிழாவுக்கு வா. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், அம்மாவும்தான். இரவு பஸ்ஸில் வராதே, வளைவுகளில் உனக்குத் தலை சுற்றும்.

அண்ணன்
அழகுமுத்து